அரசர்கள் வாங்காத கார்

நம் மக்களின் நினைவில் நிலைத்துவிட்ட தேர்க்கதைகள் இரண்டு உண்டு. ஒன்று பறம்புமலைப் பாரியினுடையது. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போனான் அவ்வள்ளல். மற்றொன்று நம் திருவாரூருக்கே உரியது. இளவரசன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் கிடத்தத் துணிந்தான். திருவாரூர்க் கோயிலை ஒட்டி நிற்கும் கல்தேர் இன்றும் அக்கதையை நினைவூட்டுகிறது. இவை எந்த அளவுக்கு வரலாறு என்பது வேறு விசாரணை. நமக்கு வேண்டியது இதுவே: முதற் கதையில் தேர் கொடுக்கப்படுகிறது, இரண்டாவது கதையில் தேர் நியாயத்தின்முன் நிறுத்தப்படுகிறது.

ஏராளமான பொருள் செலவிட்டு ஒருவர் ஏறிச் செல்வதற்கென்று அழகியதொரு வண்டியைச் செய்வதும் வைத்துக்கொள்வதும் அறத்திற்கு ஒத்ததா? இக்கேள்வியைத்தான் இங்கு எடுத்துக்கொள்கிறோம். இதற்கு உதாரணமாக நாம் தேர்ந்துகொண்டது பிரான்சு நாட்டில் உருவான 'புகாட்டி ராயல்' என்ற பழைய கார். தஞ்சை மண்ணில் இருந்துகொண்டு ஏன் அவ்வளவு தொலைவு போக வேண்டும் என வாசகர் வினவலாம். ஒரு கேள்வியை அதன் முழு வடிவில் காண, அளவுகடந்த ஒரு பொருளை எதிரே நிறுத்திப் பார்ப்பது நல்லது. அளவுகடந்த கார் என்றால் அதுதான்.

அதைப் படைத்த எத்தோரே புகாட்டி 1881-இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். தந்தை கார்லோ, மேசை நாற்காலிகளைக் கலைப்பொருள்களாக வடித்துப் புகழ்பெற்றவர். தம்பி ரெம்பிராண்ட், விலங்குகளை வெண்கலத்தில் வார்ப்பதில் வல்லவர். இப்படிக் கலை மணக்கும் வீட்டில் வளர்ந்த எத்தோரே, என்ஜினையும் ஒரு சிற்பமாகவே நோக்கினார். 1909-இல் அல்சாசுப் பகுதியில் மோல்சைம் என்ற சிற்றூரில் தம் தொழிற்சாலையை அமைத்தார். அன்று அவ்வூர் செருமானிய ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுடன் சேர்ந்தது. தொழிற்சாலை இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிற்று. 1954 வரை பேரளத்திலிருந்து காரைக்காலுக்குப் போகும் வழியிலேயே பிரெஞ்சு எல்லையைக் கடந்து பழகிய நம் பகுதிப் பெரியவர்களுக்கு இது வியப்பாயிராது.

பந்தயக் கார்களால் பெயர் ஈட்டிய புகாட்டி, 1920-களின் நடுவில் அரசர்களுக்கென்றே ஒரு கார் செய்ய எண்ணினார். முதல் மாதிரி 1926-ஐ ஒட்டி உருவாயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ 6.4 மீட்டர், எடை மூன்று டன்னுக்கும் மேல். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மட்டும் 4.3 மீட்டர். எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட என்ஜினின் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 லிட்டர், இன்று நம் ஊர்களில் ஓடும் சிறு கார்கள் பத்தின் என்ஜின்களைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாவது கடினம். இத்தனை பெரிய என்ஜின் ஓசையெழுப்பிப் பாய்வதற்காகச் செய்யப்பட்டதன்று. மெதுவாகச் சுழன்றுகொண்டே பெரும் பாரத்தை அலுங்காமல் இழுக்க வேண்டும் என்பதே நோக்கம். இத்தகைய கார்கள் இருபத்தைந்து செய்யத் திட்டமிட்டார்.

அதன் அழகைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்; அழகைச் சொல்லாமல் ஆடம்பரத்தை மட்டும் கண்டிப்பது எளிது. ராயலின் உடலமைப்புகளில் மிகச் சிறந்தவற்றை வரைந்தவர் எத்தோரேயின் மகன் ழான். 1909-இல் பிறந்த அவருக்கு அப்போது இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆடை வணிகத்தில் செல்வரான அர்மான் எஸ்தெர் என்பவருக்காக 1932-இல் அவர் வடித்த திறந்த காரில், முன் சக்கரத்தின்மேல் எழும் மட்கார்டின் கோடு தாழ்ந்து ஓடிப் பின் சக்கரத்தின்மேல் மீண்டும் எழுகிறது. நெல் முற்றிய வயலில் காற்று கடக்கும்போது உண்டாகும் அலையை ஒருவர் தகட்டில் நிறுத்திவிட்டார் போலும்! இரவில் ஓட்டப் போவதில்லை என்று உரிமையாளர் கூறியதால் அக்காருக்கு முகப்பு விளக்குகளே வைக்கப்படவில்லை. அதனால் அதன் முகம் இன்னும் தூய்மையாயிற்று. இதைச் சொல்லும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது. பகலில் மட்டும் ஓடுவதற்கு 12.7 லிட்டர் என்ஜின்!

ராயலின் ரேடியேட்டர் மூடிமீது பின்னங்கால்களில் எழுந்து நின்று துதிக்கையை உயர்த்தும் வெள்ளி யானை ஒன்று உண்டு. கோயில் யானையிடம் ஆசி வாங்கிப் பழகிய நம் நாட்டுக் கண்களுக்கு அது உடனே நெருக்கமாகிவிடும். அதை வடித்தவர் தம்பி ரெம்பிராண்ட். ஆனால் அக்காரை அவர் காணவில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் உள்ளம் உடைந்து, 1916-இல் பாரிசில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார், வயது முப்பத்தொன்று. பத்தாண்டுகளுக்குப் பின், தாம் செய்தவற்றுள் தலைசிறந்தது எனக் கருதிய காரின் நெற்றியில் அண்ணன் அந்த யானையை வைத்தார். ஆடம்பரப் பொருள் என்று நாம் சுட்டும் ஒன்றின் உச்சியில் ஒரு குடும்பத்தின் துயரம் உட்கார்ந்திருக்கிறது. ஆகையால், இது வீண் பகட்டு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

ஆயினும் அதே காரின் இன்னொரு வடிவத்தையும் பார்க்க வேண்டும். புகாட்டி தமக்கென வைத்துக்கொண்ட ராயலுக்கு 'நெப்போலியன் கூப்பே' என்று பெயர். பின்பகுதி ஓர் அறை போல மூடியது. கூரையிலும் கண்ணாடி பதித்தது. ஓட்டுநரின் இருக்கையோ திறந்தவெளியில். குதிரை வண்டிக் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி அது. மழை பெய்தால் வண்டியை ஓட்டுபவர் நனைவார். உரிமையாளர் கண்ணாடி வழியே மழையைக் கண்டு மகிழ்வார். இப்படி வடிவமைத்தவர் கொடியவர் அல்லர். அக்காலத்தில் அது நாகரிகமாகவே கருதப்பட்டது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ள தூரம் இயல்பானது என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டுவிட்டால், அத்தூரம் அழகிய வளைவுகளாகவும் வெளிப்படும்.

இத்தூரம் நம் காவிரிப் படுகைக்குப் புதிதன்று. 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டத் தொடங்கியபோது, மோட்டார் வண்டி இங்குப் பலருக்கும் பொதுவான ஊர்தியாகும் வழி திறந்தது. கார் அப்படியன்று. பல ஊர்களில் அது மிராசுதாரரின் அடையாளமாகவே நெடுங்காலம் இருந்தது. கூலி நெல்லை மரக்காலில் அளந்து வாங்கிய குடும்பங்கள், வரப்போரம் ஒதுங்கி நின்று அதன் புழுதியைப் பார்த்தன. இது வெறும் பொறாமைக் கதை என்று எண்ணுவோர் கீழவெண்மணியை நினைவில் கொள்ள வேண்டும். 1968 டிசம்பர் 25, நாம் ஆலயங்களில் குடிலின் முன் மண்டியிட்ட கிறிஸ்து பிறப்பு நாளின் இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பின்னர் 1970-களில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அத்தீர்ப்பில் வந்த ஒரு கருத்து, படித்தவர் எவரையும் நிம்மதியாய் இருக்க விடாது. குற்றம் சாட்டப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பெருநிலம் படைத்த செல்வர்கள். ஒருவரிடம் காரும் இருந்தது. அத்தகையோர் வேலையாட்களின் துணையின்றித் தாமே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்தனர் என்பதை நம்புவது கடினம் என்பது அதன் சாரம்.

இதை நாம் சட்ட நுணுக்கமாக ஆராயவில்லை. அதற்கு நாம் தகுதியும் உடையோம் அல்லோம். ஒன்றை மட்டும் கவனிக்கிறோம். அங்கே கார் ஏறிச் செல்லும் ஊர்தியாக மட்டும் நிற்கவில்லை. தன்னை உடையவரைச் சந்தேகத்திற்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தும் சான்றாயிற்று. அதிகத் தொலைவில் இல்லாத திருவாரூரில் அரசமகனின் தேர் அவனுக்கு அப்படி உதவவில்லை.

அப்படியானால், அழகிய வண்டிகளையெல்லாம் உடைத்து விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டுமா? இதே கேள்வி பெத்தானியாவில் ஒரு விருந்தில் எழுந்ததை யோவான் நற்செய்தி கூறுகிறது. விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை மரியா இயேசுவின் பாதங்களில் ஊற்றினார். அதன் மதிப்பு முந்நூறு தெனாரியம் என்று அங்கே கணக்கிடப்படுகிறது. ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி என்றால், ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு ஒரு மாலைப்பொழுதில் தரையில் வழிந்தோடியது. கேள்வி கேட்டவன் யூதாசு. அவன் உள்நோக்கம் தீயது என்று நற்செய்தியாளரே சொல்லிவிடுவதால், கேள்வியே தவறு என்று நாம் அவசரமாக முடிவு கட்டிவிடுகிறோம். கேள்வி சரியானது. கேட்டவன் கையில் இருந்த பணப்பைதான் கோணலானது. மரியாவின் செயலை ஆண்டவர் ஏற்றதற்குத் தைலத்தின் விலை காரணமன்று. அதில் ஒரு துளியையும் மரியா தமக்கென வைத்துக்கொள்ளவில்லை.

குருமடத்தில் அறநெறியியல் பாடத்தில் நாம் விரைவாகக் கடந்துவிட்ட ஒரு பகுதி இங்கு உதவுகிறது. பெரும்பொருள் செலவிட்டுப் பெரியதொன்றைச் செய்வதை அரிஸ்டாட்டில் நற்பண்பாகவே எண்ணினார். புனித தாமஸ் அக்குவினாசும் அதை நற்பண்புகளின் வரிசையில் வைத்தார். இலத்தீனில் மாக்னிபிசென்சியா என்பர். நாம் 'பெருஞ்செயற்பண்பு' எனலாம். ஆனால் இருவரும் ஒரு வரையறை இடுகின்றனர். இப்பண்புடையவர் முதன்மையாகத் தமக்காகச் செலவிடுவதில்லை. தெய்வ வழிபாட்டிற்காக, ஊருக்காக, பொதுநன்மைக்காகச் செலவிடுகிறார். கல்லணையைப் பாருங்கள். ஆற்றின் குறுக்கே கல்லை அடுக்கிய அந்தச் செலவின் பயன் வயலுக்கு வயல் பாய்ந்துகொண்டிருக்கிறது. இராசராசன் 1010-இல் நிறைவுசெய்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கொடுத்தவர், பெற்றவர் பெயர்களை எவ்வளவு கவனமாகப் பொறித்துள்ளன! ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயரும் அவர்கள் குடியிருந்த தெருவும்கூட அங்கே உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. அப்பெருமாண்பின் அடியில் இருந்தது உழவரின் நெல்தான் என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறோம். உழுதவர் பெயர்கள் அக்கல்லில் அத்தனை கவனத்துடன் இடம்பெறவில்லை.

இப்பண்பின் எதிர்த்திசையில் இரு தீமைகள் உண்டு என்கிறார் அக்குவினாஸ். ஒன்று கஞ்சத்தனம், பெரியதைச் செய்ய வேண்டிய இடத்தில் சிறியதைச் செய்து தப்பித்துக்கொள்வது. மற்றொன்று அளவறியாத செலவு. இதன் கிரேக்கப் பெயரை அவர் உலையோடு தொடர்புபடுத்துகிறார். உலைத்தீ, கிடைத்ததையெல்லாம் விழுங்கும். வெளிச்சம் தருவதற்காக அன்று.

ராயல் இவற்றுள் எதைச் சேர்ந்தது? மோல்சைமில் வேலை செய்த தொழிலாளியை நினைத்துப் பார்க்கிறோம். என்ஜினின் முகப்புகளைக் கையால் இழைத்துப் பொருத்திய அவருக்கு அக்காரில் ஏறும் பாக்கியம் இல்லை. ஆயினும் சுவாமிமலையில் மெழுகில் உருவம் அமைத்துச் சிலை வார்க்கும் சிற்பியும், தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்யும் ஆசாரியும் தாம் செய்ததைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. செய்ததில் அவர்களுக்கு ஓர் உரிமை உண்டு; எந்த விற்பனைப் பத்திரமும் அதை மாற்றிவிட முடியாது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், உழைப்பின் மதிப்பை உழைக்கும் மனிதரிடத்திலேயே காணச் சொல்கிறது. ஆனால் இந்த உரிமையைப் புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்போமானால் அது ஏமாற்று. 1936-இல் பிரான்சு முழுதும் வேலைநிறுத்தங்கள் பரவியபோது மோல்சைமிலும் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். தம்மைத் தொழிலாளரின் தந்தை போலக் கருதியிருந்த எத்தோரே மனம் புண்பட்டுப் பாரிசுக்குப் போய்விட்டார். தந்தை போல இருப்பதைவிட நியாயமான கூலி தருவது தொழிலாளருக்கு மேலானதாய்ப் படலாம் என்பது முதலாளிகள் பலருக்கும், ஏன், பங்குத் தந்தையராகிய நமக்கும்கூட எளிதில் விளங்குவதில்லை.

அரசர்களுக்காகச் செய்த அக்காரை ஓர் அரசரும் வாங்கவில்லை. 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1931-இல் ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ நாட்டைவிட்டே வெளியேறினார். இருபத்தைந்து என்ற திட்டம் ஆறில் நின்றது. அவற்றிலும் மூன்றுதான் வெளியார்க்கு விற்றன. ஒன்றை வாங்கிய செருமானிய மருத்துவர், அதைச் சாங்காய்க்கும் பின் நியூயார்க்கிற்கும் கொண்டு சென்றார். அங்கே குளிரில் என்ஜின் உறைந்து வெடித்து, அக்கார் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது. அங்கிருந்து மீட்கப்பட்டு இப்போது அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இனி வருவதைத்தான் நாம் பெரிதும் விரும்பிப் படித்தோம். விலைபோகாத அந்தப் பெரிய என்ஜினை என்ன செய்வது? புகாட்டி அதை ரயிலில் பொருத்தினார். 1933 முதல் ராயல் என்ஜின்கள் இரண்டோ நான்கோ கொண்டு ஓடும் ரயில் கார்கள் பிரெஞ்சு இருப்புப்பாதைகளில் இயங்கின. எண்பதுக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. 1934-இல் அவற்றுள் ஒன்று மணிக்கு 196 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. தொழிற்சாலைக்கு நலிவுக் காலத்தில் கைகொடுத்ததும் அந்த ரயில்களே. மன்னர்களுக்கு வார்த்த என்ஜின், பயணச்சீட்டு வாங்கிய எவரையும் சுமந்தது. ஓட்டுநரின் இடம் எங்கே தெரியுமா? பெட்டியின் நடுவில், கூரைக்கும் மேலே எழும்பிய ஒரு சிறு கூண்டில். முன்னும் பின்னும் பாதையை அவர் காண வேண்டும் என்ற தொழில்நுட்பத் தேவைதான் காரணம், அறநெறி அன்று. ஆனாலும் மழையில் நனைந்தவர் உயரத்திற்கு வந்துவிட்டார்.

கார்களின் கதை அங்கே முடியவில்லை. பிரான்சின் முலூசு நகரில் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்ற சகோதரர் இருவர் கம்பளி நூற்பாலைகளை நடத்தினர். ஆலையின் செல்வத்தைக் கொண்டு நானூறுக்கும் மேற்பட்ட பழைய கார்களைப் பூட்டிய கட்டடத்தில் இரகசியமாய்ச் சேர்த்தனர். அவற்றுள் புகாட்டிகள் நூறுக்கும் மேல், ராயல்கள் இரண்டு. தம் தாயின் நினைவுக்கு அத்தொகுப்பை அர்ப்பணித்தனர். நூல்தொழில் நலிந்து ஆலைகள் மூடும் நிலைக்கு வந்தபோது, 1976-இல் தொழிலாளர் கொதித்தெழ, சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குத் தப்பினர். அங்கே அவர்கள் தங்கிய விடுதியின் பெயர் 'மூன்று அரசர்கள்'! 1977 மார்ச்சில் தொழிலாளர் கட்டடத்திற்குள் புகுந்தனர். தங்கள் கூலி எங்கே போயிற்று என்பதை வரிசை வரிசையாகக் கண்டனர்.

அவர்கள் நிலையில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர்கள் சினத்தில் ஒரு சிறிய காரை எரித்தனர். மற்றவற்றை எரிக்கவில்லை. 'தொழிலாளர் அருங்காட்சியகம்' என்று பெயரிட்டுக் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். இரண்டு ஆண்டுகள் தாமே காவல் இருந்தனர். தொகுப்பு சிதறி வெளிநாடுகளுக்குப் போகாதபடி அரசு அதை நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1982-இல் அது தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மூடிய ஆலையில் இழந்த வேலை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடவில்லை. பார்க்கும் உரிமை உண்ணும் உரிமைக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்பதே நம் கருத்து. ஆனால் பசித்த மனிதர் தம் பசியின் விலையாய் நின்ற அழகை அழிக்காமல் காத்ததை என்னவென்று சொல்வது? அக்குவினாஸ் ஓரிடத்தில், பெருஞ்செயற்பண்பின் புறச்செயல் ஏழைக்குக் கைகூடாவிட்டாலும் அதன் அகச்செயல் அவருக்கும் உண்டு என்கிறார். செப்டம்பர் 7 மாலை வேளாங்கண்ணித் தேர்ப்பவனியில், நடந்தே வந்து கால் வீங்கிய எளியவர்கள் தேருக்கு வழிவிட்டு நிற்கும் முகங்களைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அத்தேர் தமதில்லை என்று அவர்களுள் எவரும் எண்ணுவதில்லை.

புதிய கார் வாங்கியோர் அதை ஆலய முற்றத்திற்குக் கொண்டு வருகிறார்கள். நாம் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறோம். விபத்தினின்று காக்க வேண்டுகிறோம். அது நன்றே. குறுவை அறுவடை பொய்த்த ஓராண்டில், விலை மிகுந்த கார் ஒன்று வந்து நின்றது. அதை மந்திரித்துக்கொண்டிருக்கையில், முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கார்ச்சக்கரத்தின் அருகே வந்து, "சாமி, ஆஸ்பத்திரிக்கு அவசரம்னா இதுல ஏத்திக்குவாங்களா?" என்று மெல்லக் கேட்டார். உரிமையாளர் நல்லவர், உடனே, "எப்ப வேணாலும் சொல்லுங்கம்மா" என்றார். அவ்வாண்டு மழைக்காலத்தில் நள்ளிரவில் இருமுறை அக்கார் மருத்துவமனைக்கு ஓடிற்று என்று அறிந்தோம். மந்திரிப்பின் செபத்தில் அம்மூதாட்டியின் கேள்விக்கு இடமில்லை, இருந்திருக்கலாம்.

வெளியார்க்கு விற்காமல் இருந்த ராயல்களுள் ஒன்று 1987-இல் இலண்டனில் 55 இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. நெப்போலியன் கூப்பே முலூசில் இருக்கிறது. யானை துதிக்கையைத் தாழ்த்தவில்லை. ஓட்டுநரின் இருக்கை இன்றும் திறந்தவெளிதான், அருங்காட்சியகத்தின் கூரைக்குக் கீழ். அதே நகரில் ரயில்களுக்கென்று வேறொரு அருங்காட்சியகம் உண்டு. அங்கே தண்டவாளத்தின்மீது புகாட்டி ரயில் கார் ஒன்று நிற்கிறது. கூரைமேல் ஓட்டுநரின் கூண்டு.